வேலைக்குத் தகுதி

வாஷிங்டன் மாநிலம், 1951. அணுகுண்டு ஆலைத் தொழிலாளர்கள் சோதனைக்காகச் சிறுநீர்ப் புட்டியை வீட்டு வாசலில் வைப்பார்கள். நான் எடுத்துப்போய் அளப்பேன்.

தொழிலாளி டெல்பர்ட் இறந்து மூன்று வாரமாகியும் அவர் புட்டி தினமும் நிறைந்திருந்தது, இளஞ்சூடாக. கதிர்வீச்சு இயல்பைவிட நாற்பது மடங்கு அதிகம்.

அவர் மனைவி வெர்னா என்னோடு அலுவலகத்துக்கு வந்தாள். "ஆலைதான் அவரைக் கொன்னுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மிஸ்டர் புரூயிட்."

"செத்தவன் ஒண்ணுக்குப் போவானாம்மா?" என்று மேலாளர் புரூயிட் சிரித்தார். நான் எழுதிய எண்ணை அடித்துவிட்டு, 'இயல்பு. வேலைக்குத் தகுதி' என்று முத்திரை குத்தினார்.

"உயிரோட இருந்தப்பவும் இதையேதானடா குத்தினே!" என்றாள் வெர்னா.

மறுநாள் காலை ஆலைப் பேருந்து அவள் வாசலில் நின்றது. யாரும் ஏறவில்லை, படி மட்டும் அமிழ்ந்தது. கதவு மூடியது. வெர்னா ஓடிவந்து அதை அறைந்தாள்.

"அவரை இறக்கி விடுங்கடா!"