வேலியோரத்து எறும்புகள்

விடிந்ததும் விடியாததுமாக ஜெயம்மாள் தோட்டத்து வேலியோரம் குந்திக்கொண்டு தரையை உற்றுப் பார்த்தாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் முனியம்மாள் சாணம் கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்தது கை மட்டும்தான். கண்ணும் காதும் அந்தப் பக்கம்.

மானாம்பதியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது கொதிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். இது குழம்பைவிட ருசியான சங்கதி. புருஷன் ஒன்றுக்குப் போன இடத்தில் பெண்டாட்டி எறும்பு தேடுகிறாள்.

ஜெயம்மாளின் புருஷன் தாண்டவராயன் ஏற்றம் மிதிக்கிறவர். கிணற்று மேல் அந்த மரத்தில் அவர் முன்னும் பின்னும் நடந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர். ஐப்பசியில் உள்ளங்காலில் முள் குத்தியது. பொங்கல் வந்தும் புண் ஆறவில்லை.

உத்திரமேரூர் டாக்டர் அவருடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் மருந்தோடு காய்ச்சினார். செங்கல் நிறமாயிற்று. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார்.

அவர் சொன்னதில் வீடு வந்து சேர்ந்தது காலை எடுப்பது மட்டும்தான்.

ஜெயம்மாள் ஏரிக்கரைப் புதரில் சிறுகுறிஞ்சான் கொடியைத் தேடிப் பிடித்தாள். இலையை அரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தாள். டாக்டருக்குக் கண்ணாடிக் குழாய் என்றால் அவளுக்கு எறும்பு. மொய்த்தால் சர்க்கரை இருக்கிறது, மொய்க்காவிட்டால் இறங்கிவிட்டது. தை முடிவதற்குள் எறும்பு நிற்காவிட்டால் பஸ் ஏறுவது என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

அந்த இலையையும் முனியம்மாள் விட்டுவைக்கவில்லை. ஒன்றைக் கிள்ளி மென்றுவிட்டு வெல்லக் காப்பி குடித்தாள். வெறும் வெந்நீர் போலிருந்தது. “நாக்கையே சாவடிக்குது, சக்கரைய வுட்டுவெக்குமா?” என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தவள் அவள்தான்.

ஜெயம்மாள் எழுந்தாள். கால் மரத்துப்போய்த் தள்ளாடினாள்.

“யக்கா, ஒரு எறும்பு இல்ல. நீயே வந்து பாரு.”

வேலியைத் தாண்டிக் குதிக்காத குறையாக வந்தாள் முனியம்மாள். நேற்று வரை சாரை சாரையாக மொய்த்த இடத்தில் வெறும் ஈர மண். ஜெயம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லும் பாக்கியத்தை முனியம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுப்பாளா? கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

தாண்டவராயன் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். சேதி கேட்டதும் கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

“நாளான்னிக்கே ஏத்தம் ஏறிடறேன். எனக்குப் பதிலா அந்தப் பெருமாளு மிதிக்கிற லட்சணத்துக்கு நாத்தெல்லாம் காஞ்சிக் கீதாமே.”

அவள் ‘ஆமாம்’ போட்டுக்கொண்டே கண்ணை வீட்டுக்குள் மேயவிட்டாள். பானை, உறி, அடுப்பு, கட்டில்.

கட்டில் காலில் ஒரு சிவப்புக் கோடு.

கோடு நகர்ந்தது. சுவர் மூலையில் கிளம்பி, கட்டில் காலில் ஏறி, கயிற்றோடு போய்ப் போர்வைக்குள் நுழைந்தது.

போர்வை நுனியைத் தூக்கினாள். புண்ணைக் கட்டியிருந்த துணியே தெரியவில்லை. அதன் மேல் செவ்வெறும்பு அப்பிக் கிடந்தது.

தாண்டவராயன் இன்னும் பெருமாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜெயம்மாள் யாரிடமோ, இனிமேல் ஆஸ்பத்திரி எதற்கு என்று சொல்வது கேட்டது.

முனியம்மாள் அந்தக் காலின் கட்டைவிரலைப் பிடித்தாள். நகம் பதிய, பலங்கொண்ட மட்டும் கிள்ளினாள்.

“இன்னா முனியம்மா, கால்மாட்டுலயே நின்னுக்கினு கீற?” என்றார் தாண்டவராயன். “இப்பிடி வந்து ஒக்காரு.”