‘அனைவரும்’ என்ற முகவரி

புதிதாகச் சேர்ந்தவரின் பெயரை ‘அனைவரும்’ முகவரியில் சேர்க்க மெயில் சர்வரைத் திறந்தவன், அதற்குக் கீழே கிடந்த விதியைப் பார்த்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அவனே எழுதிய விதிதான்.

‘அனைவரும்’ முகவரிக்கு ஒரு மெயில் போனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் போய்ச் சேரும். வெளியிலிருந்து வருவதைச் சர்வர் சரியாகத் திருப்பிவிடுகிறதா என்று பார்க்க, போன மாதம் மனைவியை வீட்டிலிருந்து ஒரு மெயில் போடச் சொன்னான். அவளிடமிருந்து தனக்கு எது வந்தாலும் தன் பெட்டியில் போடாமல் ‘அனைவரும்’ முகவரிக்குத் தள்ளிவிடு என்று விதி எழுதினான். கச்சிதமாக வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் அதை அழிக்க மறந்துபோனான்.

அந்த முகவரியில் அவன் பெயர் மட்டும் இல்லை. பிறந்தநாள் கேக், வண்டி நிறுத்துமிடம் என்று தினமும் வந்து விழும் அறிவிப்புகள் எரிச்சலாக இருந்ததால் எடுத்துவிட்டிருந்தான். சர்வரைக் கட்டி மேய்க்கிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையா என்ன?

போன புதன்கிழமை அந்த விதி வழியாக ஒரு மெயில் போயிருந்தது. சர்வரில் இருந்த பிரதியைத் திறந்தான்.

“நேர்ல பேசினா கத்துவீங்க, அதான் எழுதறேன். உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே பாப்பா ரூமுக்குள்ள ஓடிடறா. வெள்ளிக்கிழமை நாங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பறோம். போகாதன்னு ஒரு வார்த்தை பதில் போடுங்க. இருந்துடறேன்.”

வெள்ளிக்கிழமை மாலை பூட்டிய வீட்டின் முன்னால் நின்று, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று கொதித்தான். அவளே முதலில் கூப்பிடட்டும் என்ற வீம்பில் ஃபோனைத் தொடவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில், மச்சானுக்குக் கல்யாணம், அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அளந்துவிட்டான். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் ஏன் போகவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கணக்குப் பிரிவு அக்கா அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்தார். எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் மேலாளர், மெதுவாக முடியுங்கள் என்றார். புதுச் சர்வரைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்று இவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்.

அவள் கை தவறி எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள், அவனுக்கும் வந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

மானம் கப்பலேறி ஒரு வாரம் ஆகிறது. ஏற்றிவிட்டவனுக்குத்தான் தெரியவில்லை.

வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. அவளைக் கூப்பிட வேண்டும், இங்கே வேண்டாம். ஃபோனை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மேசைகளைக் கடந்து வாசலுக்கு வந்தான்.

வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த பெண்மணி அவன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அன்னைக்கே நான் அவங்களுக்கு ‘போகாதம்மா’ன்னு எழுதினேன் சார். ‘அவர் சொல்லட்டும்’னு பதில் வந்துச்சு.”