புகை வளைந்த இடம்

பேட்ரிசியா ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துவந்து காரின் முன்னால் நின்றாள். வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்து அதைப் பார்த்த பக்கத்து வீட்டு பானுமதி, "என்னக்கா, காருக்குப் பூஜையா? ஃபாதருக்குத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

இருதயநாதன் சிரிக்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினுக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைக் கொண்டுபோனார். இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுவரும் மேனிஃபோல்டு குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில், நேராக எழும்பிய புகை சட்டென்று வளைந்து ஓர் இடுக்குக்குள் போய் மறைந்தது. 'உஸ்' என்று சத்தம் வந்தது. இஞ்சின் விக்கியது.

"பாத்தியா, இன்னும் காத்து இழுக்குது. இடுக்க அடைக்கிற கேஸ்கட் ஒழுங்கா உக்காரல," என்றார்.

"புதுசுதானே போட்டீங்க?"

"புதுசுன்னா என்ன? மறுபடி கழட்டித்தான் பாக்கணும்."

அந்த வண்டிக்கு எந்த ரிப்பேர் வந்தாலும் அவரே பார்ப்பதுதான் வழக்கம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர். காட்டூரில் அந்தத் தெருவே அவரிடம்தான் யோசனை கேட்கும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பெலிண்டா அதனால்தான் பிடிவாதமாக இருந்தாள். ஆம்புலன்ஸ் வேண்டாம், டாக்ஸி வேண்டாம், அப்பா ஓட்டினால்தான் தனக்கு தைரியம் என்று மாமியாரிடமே ஃபோனில் சொல்லிவிட்டாள்.

அதைக் கேட்டபோது இருதயநாதன் ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

உண்மையில், புது கேஸ்கட் போட்ட அன்றே கசிவு நின்றுவிட்டது. புகை நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. வீட்டில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அதை ரசித்துப் பார்த்தவர், பிறகு ஸ்பேனரை எடுத்து, ஓரத்து போல்ட்டுகளைத் தன் கையாலேயே தளர்த்தினார். சொந்த வீட்டில் திருடுகிறவனைப் போலக் கேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் ஆரம்பித்தது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில். சில மாதங்களுக்கு முன்பு, சைக்கிளில் குறுக்கே வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை அவர் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது பிரேக்கைத் தேடிய கால் கிளட்ச்சில் போய் மிதித்தது. எப்படியோ வண்டி நின்றது. அந்தப் பெண் ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கில் கை வைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அப்போது பக்கத்து சீட்டில் பேட்ரிசியா ஜெபமாலையோடு கண்மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை. அந்த ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். தலைவலி, பெட்ரோல் விலை என்று ஏதேதோ சொல்லி வண்டியை எடுக்காமல் இருந்தவருக்கு, இந்தக் கசிவு ஆண்டவரே அனுப்பிய சாக்காகத் தெரிந்தது.

ஊதுபத்தி காட்டிப் பார்த்த அன்று மத்தியானம் பேட்ரிசியா இடது காலை நீட்டிக்கொண்டு தைலம் கேட்டாள். பானுமதியின் ஸ்கூட்டரில் தினமும் காலையில் ஜி கார்னர் மைதானத்துக்கு வாக்கிங் போக ஆரம்பித்ததிலிருந்து கெண்டைக்கால் வலிக்கிறதாம். செய்கிற பாவத்துக்குப் பரிகாரம்போல அவரே உட்கார்ந்து தேய்த்துவிட்டார்.

"அந்தக் காலையும் குடு."

"அது நல்லாத்தாங்க இருக்கு." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "ஏங்க, அந்த போல்ட்டெல்லாம் நடுவுல முறுக்கிட்டுத்தானே ரெண்டு ஓரத்துக்கும் போகணும்?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பெலிண்டாவுக்கு வலி எடுத்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, வண்டிய எடுங்கப்பா."

"வண்டி ரிப்பேரா கெடக்கேம்மா. டாக்ஸி சொல்லிடறேன்."

அவள் முகத்தைப் பார்க்காமலே ஃபோனில் நம்பரைத் தேடினார்.

அப்போது வாசலில் இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. 'உஸ்' இல்லை, விக்கல் இல்லை. அவர் பதறி வெளியே ஓடினார்.

பானெட் திறந்திருந்தது. பேட்ரிசியா ஊதுபத்தியைப் பிடித்திருந்தாள். புகை கொஞ்சமும் வளையாமல் நேராக மேலே போனது. இன்னொரு கையில் அவருடைய ஸ்பேனர்.

"யாரு முறுக்கினா?" என்று கேட்டார்.

"நான்தான். நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு. காலையில பூசைக்கு முன்னாடி."

அப்படியானால் தளர்த்தியது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தரை பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பெலிண்டா மெதுவாக நடந்து வந்து, அப்பாவைப் பார்த்துச் சிரிக்க முயன்று, பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். இனி சாக்கு எதுவும் மிச்சமில்லை. டிரைவர் பக்கத்துக் கதவில் கை வைத்தார். கதவைத் திறக்க முடியவில்லை.

"என்னால முடியாது பேட்ரி," என்றார், மகளுக்குக் கேட்காத குரலில். "அன்னைக்கு ஸ்ரீரங்கத்துல..."

"தெரியும். ஜெபமாலை சொல்லும்போது நான் கண்ண மூடறதில்லைங்க."

பானெட்டைச் சாத்தினாள். அவர் கையைக் கதவிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் ஏறுங்க. ஜி கார்னருக்கு நான் வாக்கிங்கா போனேன்? போன வாரமே எனக்கு லைசென்ஸ் வந்துடுச்சு."