பச்சைத் தவளை

"எலே ஜெயா, நீ மனுசன் ஆக்குமா?"

புழக்கடையில் நின்று ஓமனா போட்ட சத்தத்தில் குளத்து நாரைகள் எழுந்து பறந்தன. கரையில் தூண்டில் கம்போடு நின்ற ஜெயன் மட்டும் அசையவில்லை.

"காலம்பறயே என்ன அக்கா?"

"தண்ணியில பாரு. செவசெவன்னு குஞ்சுவ மெதக்குது. கீழ தாய் வரால் காவல் நிக்குது. அதுக்க தலையிலயே தவளைய எறியுதியே, ஒனக்கு நெஞ்சு உண்டா?"

ஜெயன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் ஓமனாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

குஞ்சுகளோடு இருக்கும் வரால், பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் இல்லை, பிள்ளைகளைக் காப்பாற்ற. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிவப்பாக மிதக்கும் குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப் பிடித்து, நடுவில் ரப்பர் தவளையைப் போடுவார்கள். தாய் தானாக வந்து மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

ஓமனா காரோடு என்ற ஊரில் தையல்காரி. கணவன் இறந்த பிறகு, மெஷினை மிதித்து மிதித்தே மகள் சோனாவை நர்சாக்கியவள். குஞ்சுகளை முதலில் பார்த்த அன்றே போனில் வீடியோ பிடித்து, தாயன்பைப் பற்றி நாலு வார்த்தையும் பேசி, சபைப் பெண்கள் குரூப்பில் போட்டாள். ஆமென், ஆமென் என்று வந்து குவிந்தது. அதிலிருந்து அந்த வரால் அவளுக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டது.

இந்த ஜெயனோ, பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். ஓய்ந்த நேரமெல்லாம் தூண்டிலும் கையுமாக அலைகிற பைத்தியம். அவன் பெட்டியில் மினுங்கும் தகடு, பிளாஸ்டிக் மீன், ரப்பர் புழு என்று என்னென்னவோ இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு தினமும் அந்தப் பச்சைத் தவளையையே எடுத்தான்.

"அந்தத் தகட்டப் போட்டா நடுக்குளத்துல வேற மீனு கிட்டாதாலே?"

"இந்த வேலைக்குத் தவளைதான் அக்கா சரி."

சொல்லி முடிக்குமுன் தண்ணீர் படீரென்று வெடித்தது. ஜெயன் வெடுக்கென்று இழுத்தான். தவளை மட்டும் தனியாக வந்து புல்லில் விழுந்தது.

"கர்த்தர் உண்டுலே!" ஓமனா கைதட்டினாள்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். அவன் எறிவான், வரால் கடிக்கும், கடைசியில் தவளை வெறுமனே வரும். போகப்போக அது கடிக்க வருவதே குறைந்தது. 'பெரிய மீன்பிடிக்காரனாம், ஒரு வராலைப் பிடிக்கத் துப்பில்லை' என்று துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் ஓமனா சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது குளக்கரையில் ஒரு கார் நின்றது. தொப்பி போட்ட மூன்று பேர் இறங்கினார்கள்.

"சேச்சி, வரால் குஞ்ஞுங்ஙள் எவிடெயா?" ஒருவன் மலையாளத்தில் வரால் குஞ்சுகளை விசாரித்தான்.

"இவிட அப்படி ஒண்ணும் இல்ல" என்று ஓமனா வேதபுத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே பொய் சொன்னாள்.

அவர்கள் கேட்கவில்லை. தாங்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். பெட்டியைத் திறந்து அவர்களும் தவளைகளைத்தான் எடுத்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு தூண்டில் முட்கள் மினுங்கின.

அக்கரையில் ஜெயன் கம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

முதல் தவளை குஞ்சுகளின் நடுவிலேயே விழுந்தது. கறுப்பாக ஒரு உடம்பு மேலே வந்தது. தவளையை நெருங்கியது. ஓமனா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது வரால் திரும்பிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

மறுபடியும் எறிந்தார்கள். வேறு நிறத் தவளை போட்டார்கள். வேகமாக இழுத்தார்கள், மெதுவாக இழுத்தார்கள். தாய் வரால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்ததும் முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினார்கள்.

ஓமனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே ஜெயனிடம் போனாள்.

"கண்டியா? அவளுக்குப் புத்தி உண்டு. இனி நீயும் எறியப்பிடாது. இந்தச் சனியன அடுப்புல போடுதேன்!"

பச்சைத் தவளையைப் பிடுங்கிக் கையில் இறுக்கினாள். எதுவும் குத்தவில்லை. கையை விரித்தாள். இரண்டு முட்களும் அடியோடு வெட்டப்பட்டிருந்தன.

"எலே... முள்ளு எங்கலே?"

"மொதல் நாளே வெட்டியாச்சு அக்கா. கடிச்சுக் கடிச்சு ஏமாந்தா, பெறவு தவளையக் கண்டாலே அது திரும்பிப் போவும். இவனுவ ஞாயித்துக்கெழம வாறானுவன்னு எங்க மீன்பிடி குரூப்புல போட்டிருந்தானுவ. வரண்டாம்னா கேக்கவா போறானுவ?"

"இத எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா மக்கா? வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டேனே."

"ஏசினா எனக்கென்ன, தேஞ்சா போயிருவேன்?"

"அது கெடக்கட்டும். நம்ம குளத்துல குஞ்சு கெடக்குன்னு அவனுவளுக்கு எந்தப் பாவி சொன்னான்?"

ஜெயன் பெட்டியை மூடினான்.

"சொல்லுலே. எனக்குத் தெரிஞ்சே ஆவணும்."

"விடுங்க அக்கா."

"விடமாட்டேன்!"

அவன் தயங்கித் தயங்கிப் போனை எடுத்து நீட்டினான். மீன்பிடிக்காரர்கள் குரூப்பில் யாரோ அனுப்பிய வீடியோ. தண்ணீரில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம். கூடவே ஓமனாவின் குரல் கணீரென்று கேட்டது:

"சகோதரிமாரே, காரோட்டுல எனக்க வீட்டுக்குப் பொறத்த குளம். ஒரு தாய்க்க ஸ்நேகத்த வந்து பாருங்க!"