மார்லிஸின் ஏணி

எங்கள் ஏரிச் சங்கத்தின் விதிப்படி, அக்டோபர் பதினைந்துக்குள் படகுத்துறை, மிதவை, ஏணி எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஏரி உறைந்தால் இரும்பையே முறுக்கிவிடும். வீடு வாங்கும்போதே எல்லோரும் கையெழுத்துப் போட்ட விதி. நான் சங்கச் செயலாளர்.

ஆர்விட் டோலஃப்சன் மட்டும் கரைச்சுவரில் மாட்டிய ஏணியைக் கழற்றவில்லை. அவர் மனைவி மார்லிஸ் தினமும் காலையில் மஞ்சள் மிதவை வரை நீந்திப் போய்த் திரும்புவாள். ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

“கெடு முடிஞ்சு ஒரு வாரமாச்சு, ஆர்விட்.”

“எடுத்துட்டா அவ எப்படி மேல ஏறுவா, வெர்னா? சுவரு ஆளுயரம் இருக்கே.”

“மனசத் தேத்திக்கோங்க. நானே கழட்டித் தர்றேன்.”

“நீயும் உன் விதியும்!” என்றார். ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் ஏணியைக் கழற்றி அவர் வாசலில் சாய்த்துவிட்டு, ஸ்பேனரோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டிசம்பரில் ஏரி உறைந்தது. அதன்மேல் வண்டி ஓட்டிப்போய் மீன் பிடித்தார்கள். ஆர்விட் வீட்டின் முன்னால் மட்டும், மிதவை இருந்த இடத்திலிருந்து கரை வரை, இரண்டு முழ அகலத்துக்குத் தண்ணீர் உறையாமல் கிடந்தது. அடியில் ஊற்று இருக்கும் என்றார்கள். அபாயப் பலகை நடுவது என் பொறுப்பு. போனேன்.

ஏணி இருந்த இடத்தில் ஓரத்துப் பனிக்கட்டி வட்டமாக உடைந்திருந்தது. சுவரில், தண்ணீரிலிருந்து கை எட்டும் உயரம் வரை ஈரம் வழிந்து உறைந்திருந்தது.

சுவரின் மேல் ஆர்விட் ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“ஸ்பேனர் உன்கிட்டதானே இருக்கு, வெர்னா?” என்றார்.