செத்துப்போன பத்து மீன்கள்

"சார், பத்து மீனும் செத்துப்போச்சு," என்றாள் ஆராய்ச்சிக்காரி.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே ஊற்றும் கலவையை, ஆறு, குளத்துக்குக் கெடுதல் இல்லாமல் தாவர எண்ணெயில் செய்திருந்தாள் அவள். அது கலந்த தண்ணீரில் மீன்கள் நான்கு நாள் உயிரோடு இருந்தால்தான் ஆராய்ச்சி தொடரும்.

இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

"தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாம்மா? செடி எண்ணெயாம், சுற்றுச்சூழலாம்! இன்னைக்கே ஆய்வுக்கூடத்தைக் காலி பண்ணு!"

கத்தியதில் தொண்டை வறண்டது. அறைக் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து மடமடவென்று குடித்தார்.

"சார், அது வந்து..."

"பேசாதே! வாயில்லா ஜீவன் செத்துக் கிடக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

இன்னொரு தம்ளரும் உள்ளே போனது.

"என் கலவை கலந்த தண்ணியில விட்ட மீனெல்லாம் துள்ளி விளையாடுது, சார்."

"அப்போ செத்தது?"

"ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தொட்டியில பத்து விட்டோமே, அதுங்க. அதுல வெறும் தண்ணிதான்."

"வெறும் தண்ணியில மீன் எப்படிச் சாகும்? எங்க பிடிச்ச தண்ணி?"

அவள் கண்கள் காலித் தம்ளரில் நின்றன.

"உங்க ரூம் குழாயிலதான், சார். இந்தக் கட்டடத்துலயே அதுதான் சுத்தம்னு நீங்கதானே பிடிச்சுக்கச் சொன்னீங்க?"