ஜன்னலுக்குக் கீழே கோழிகள்

கொல்லையில் மத்தியான வெயில் வெள்ளையாய்க் கொதிக்கிறது. அவள் தீவனக் கிண்ணத்தோடு வருகிறாள். வழக்கமாக அவள் காலைச் சுற்றிவரும் கோழிகளில் ஒன்றைக்கூடக் காணோம். எல்லாம் புருஷன் படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே கழுத்தை நீட்டி நிற்கின்றன. "கோழிக்குக் கறி அளவாத்தான் போடணும், ருசி கண்டா ஒன்னையொன்னு கொத்தும்" என்று நடமாடிய காலத்தில் அவளை ஓயாமல் அதட்டியவர் அவர். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே எலும்பும் தோலுமாக ஒரு கை நீள்கிறது. சற்று முன் அவள் குழைய வேகவைத்து, நார் நாராகப் பிய்த்துக் கொடுத்த கறி மண்ணில் விழுகிறது. கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு பாய்கின்றன. காலியாகத் திரும்பும் தட்டைக் காட்டி, "அவர் தேறிட்டார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறவள் அவள். கிண்ணத்தை ஓசைப்படாமல் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

"சாப்பிட்டீங்களா?"

"தட்டைப் பாரு, ஒரு பருக்கை இல்ல."

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

அவர் கண்கள் ஒரு கணம் ஜன்னல் பக்கம் போய்த் திரும்புகின்றன. "கொஞ்சமா வை. அளவு மீறக் கூடாது."

அடுக்களையில் அவள் மிச்சக் கறியை எடுக்கிறாள். இந்த முறை நார் நாராகப் பிய்க்கவில்லை. கோழி விழுங்கும் அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்குகிறாள்.